பக்கத்தை மீண்டும் ஏற்றாமல் நிறுவைக் கணக்கைப் புதுப்பிக்கும் முறை

தேயிலைத் தோட்டங்களில் காலை, பகல், மாலை என மூன்று வேளை கொழுந்து நிறுக்கும் வழக்கம் உண்டு. அந்தக் கிலோக் கணக்கைத் தொழிலாளர்கள் கைபேசியிலேயே பார்ப்பதற்கு ஒரு வலைப்பக்கம் அமைப்பதாகக் கொள்வோம். ஓர் எண் மாறியதற்காக முழுப் பக்கத்தையும் மறுபடி ஏற்றினால், இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைப் பக்கம் மலை மடிப்புகளில் சிக்னல் குறையும்போது திரை வெறுமையாகவே நிற்கும். எண்ணை மட்டும் பின்னணியில் வாங்கிக்கொள்வதே பொருத்தமானது. 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உடன் வந்த இவ்வழிக்கு 2005இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் 'அஜாக்ஸ்' என்று பெயரிட்டார். இன்று அதே வேலைக்கு, உலாவியிலேயே உள்ள 'ஃபெட்ச்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை போதும்.

பக்கத்தில் எண் நிற்கும் இடத்துக்கு ஓர் ஐடி (அடையாளப் பெயர்) கொடுங்கள். கிலோவும் பதிந்த நேரமும் அடங்கிய சிறு ஜேசனை (தரவை எழுத்துவடிவில் அனுப்பும் முறை) மட்டும் சேவையகம் அனுப்பட்டும். அதன் முகவரியை ஃபெட்ச்சிடம் கொடுத்து, விடைக்காகக் காத்திருக்கச் சொல்லும் 'அவெயிட்' சொல்லை அதன் முன் இட்டுக் காத்திருங்கள்; விடை வரும்வரை பக்கம் உறைந்துவிடாது.

பலரும் இடறும் இடம் இனித்தான் வருகிறது. சேவையகம் 404 (பக்கம் இல்லை) என்றோ 500 (சேவையகப் பிழை) என்றோ விடையளித்தாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாகக் கொள்வதில்லை. இணைப்பு அறுந்து விடையே வராதபோதுதான் பிழை எழுப்பும். ஆகவே கோரிக்கை வெற்றியா என்று சொல்லும், விடையின் 'ஓகே' என்ற பண்பைச் சோதித்த பின்னரே ஜேசனைப் பிரிக்க வேண்டும். முதலில் நான் இதை விட்டுவிட்டதால், பிழைச் செய்தியையே கணக்காக எடுத்துக்கொண்ட பக்கம், மதிப்பே இல்லை என்று பொருள்படும் 'அன்டிஃபைன்ட் கிலோ' என்று காட்டியது. அன்று இருபத்திரண்டு கிலோ பறித்திருந்த அக்கா ஒருவர் கைபேசியை என்னிடம் நீட்டி, "என் கொழுந்து எங்க தம்பி?" என்று கேட்டார். அன்றாடச் சம்பளத்தோடு ஒட்டிய எண் அது.

அதனால், தோல்வி நேரும்போது பழைய எண்ணை அழிக்காதீர்கள். அதன் கீழே 'பகல் 12.40 நிலவரம்' என்று நேரத்தைக் காட்டுங்கள். 'அபார்ட்சிக்னல்.டைம்அவுட்' மூலம் பத்து விநாடிக் கெடுவும் வையுங்கள்; அதற்குள் விடை வராவிட்டால் கோரிக்கை கைவிடப்படும். எண்ணை எழுத, வந்ததை எச்டிஎம்எல் குறியீடாகவே கொள்ளும் 'இன்னர்எச்டிஎம்எல்' வேண்டாம், வெறும் எழுத்தாகவே கொள்ளும் 'டெக்ஸ்ட்கன்டென்ட்' பாதுகாப்பானது.

திரும்பத் திரும்பக் கேட்பதற்கு, குறித்த இடைவெளியில் விடாமல் இயங்கும் 'செட்இன்டர்வல்' பயன்படுத்தினால், முந்திய கோரிக்கை முடியுமுன்பே அடுத்தது கிளம்பி, தாமதித்து வரும் பழைய விடை புதியதன்மேல் எழுதப்படக்கூடும். ஒரு விடை கையாளப்பட்ட பிறகு, குறித்த நேரம் கழித்து ஒரு முறை மட்டும் இயங்கும் 'செட்டைம்அவுட்' மூலம் அடுத்ததைத் தொடங்குங்கள். மூன்று வேளை நிறுவைக்கு ஐந்து நிமிட இடைவெளியே தாராளம். பக்கம் மறைந்திருக்கும்போது கேட்பதை நிறுத்திவிட்டால், கைபேசிக்குக் காசு கட்டி ரீலோட் போட்ட டேட்டாவும் மிஞ்சும்.