மறதிக்கு இ.இ.ஜி. எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மறதிக்காக டாக்டரிடம் போகும் சிலரை இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைத் தலையிலிருந்து பதிவு செய்யும் பரிசோதனை) எடுத்து வரச் சொல்வார்கள். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வந்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பெரிய தவறே அங்கேதான் நடக்கிறது. முதுமை மறதிக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோய் தொடங்கும் கட்டத்தில் பலருக்கு இ.இ.ஜி. இயல்பாகவே இருக்கும்.

சரி, மாற்றம் தெரிந்தால் அல்சைமர் என்று முடிவு கட்டலாமா? அதுவும் கூடாது. கண்ணை மூடி விழித்திருக்கும்போது பின்தலையில் வினாடிக்கு 8 முதல் 13 வரை ஆல்ஃபா அலைகள் பதிவாகும். அல்சைமரில் இவை மெதுவாகி, 4 முதல் 8 வரையுள்ள தீட்டா அலைகள் கூடும். ஆனால் பரிசோதனை நடுவே லேசாகக் கண்ணயர்ந்தாலும் தீட்டா வரும். கல்லீரல், சிறுநீரகக் கோளாறுகளும் சில மருந்துகளும்கூட அலைகளை மெதுவாக்கும்.

என்னைக் கேட்டால், 'இது அல்சைமரா?' என்பதைவிட 'வேறு ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்கத்தான் இந்தப் பரிசோதனை அதிகம் உதவும். சிலருக்கு மறதி விட்டுவிட்டு வரும். தூங்கி எழுந்ததும் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் சரியாகிவிடுவார்கள். இது கைகால் இழுக்காத வலிப்பாக இருக்கலாம், மருந்துக்கு நன்றாகவே கட்டுப்படும். இதை முதுமை மறதி என்று விட்டுவிடுவதுதான் வருத்தம். தூக்கத்திலும் சேர்த்துப் பதிவு செய்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடும். சில வாரங்களிலேயே நினைவு மளமளவென்று சரிந்தால், மூளையை வேகமாக அழிக்கும் அரிதான கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயையும் யோசிப்பார்கள். அதில் பலருக்கு வினாடிக்கு ஒன்று என்ற கணக்கில் கூர் அலைகள் தென்படும்.

அதனால் டாக்டரிடம் 'மறதி' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எப்போது தொடங்கியது, ஏறி இறங்குகிறதா என்பதையும் சொல்லுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது தலையில் எண்ணெய் வேண்டாம். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் கொண்டுபோங்கள். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் லோராசெபாம் போன்றவை வேகமான பீட்டா அலைகளைக் கூட்டும். அதற்காக எந்த மாத்திரையையும், குறிப்பாக வலிப்பு மாத்திரையை, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், இந்த அலைகளைக் கணினியில் போட்டு 'பிரெய்ன் மேப்பிங்' என்று கலர் கலராக ஒரு படம் தருவார்கள். கண் சிமிட்டலும் தாடை இறுக்கமும்கூட அதில் நிறமாக விழும். மூல அலைப்பதிவை நரம்பியல் மருத்துவர் பார்த்தாரா என்று கேளுங்கள்.

ஒலிக்கு மூளை எவ்வளவு சீக்கிரம் பதில் தருகிறது என்று அலைகளில் பார்க்கும் பி300 என்ற சோதனையில் இடையிடையே வரும் வேறுபட்ட ஒலியை நோயாளி கவனிக்க வேண்டும். காது மந்தமானவருக்கு அந்த ஒலி சரியாகக் கேட்கிறதா என்று பார்க்காமல் எடுத்தால், மூளை தாமதிக்கிறதா காது தாமதிக்கிறதா என்றே தெரியாது.