மூக்கு வைத்தியத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள் முதலில் காதுகுத்துத் தேதியைக் கேளுங்கள்

கனடாவிலிருந்து ஊருக்குப் போகும்போது அப்படியே வைத்தியத்தையும் பார்த்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் அப்படித்தான் நினைத்து ஆனி மாதம் போனேன்.

காங்கேயத்தில் இறங்கியதும் தும்மல் பிடித்தால் பயப்படாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று அந்த மாதத்தில் மொத்தப் புழுதியையும் கிளப்பும், திருப்பூர் பக்கம் பஞ்சுத்தூசி வேறு. இரண்டு பக்கமும் அடைத்து, தண்ணியாக ஒழுகி, கண்ணும் அரித்தால் பெரும்பாலும் ஒவ்வாமைதான். மருந்துக்கடையில் கேட்டவுடனே எடுத்துக் கொடுக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் போடாதீர்கள். நிறுத்தினால் முன்னைவிட மோசமாக அடைக்கும், அப்புறம் அது இல்லாமல் தூங்கவே முடியாது. ஸ்டீராய்டு ஸ்பிரே அப்படியில்லை, ஆனால் முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும். நடுத்தண்டைப் பார்த்து அடிக்காமல் வெளிப்பக்கமாகச் சாய்த்து அடியுங்கள், இல்லாவிட்டால் ரத்தம் கசியும்.

ஒரே பக்கம் மாதக்கணக்கில் அடைத்தால் அது வேறு கதை. எனக்கு வலது பக்கம் இரண்டு வருடமாக அடைப்பு. டொரன்டோவில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஏழு மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். கோயமுத்தூரில் காலையில் டோக்கன் வாங்கினேன், மதியத்துக்குள் மூக்கில் கேமரா, சாயங்காலம் ஸ்கேன். நம்மூரில் எல்லாவற்றையும் ‘மூக்குல சதை’ என்றே சொல்லிவிடுவார்கள். என்னுடையது இன்வெர்டட் பாப்பிலோமா என்ற ஒரு வகைக் கட்டி. புற்றுநோய் இல்லைதான், ஆனால் அது பிடித்திருக்கும் எலும்புவரை சுரண்டி எடுக்காவிட்டால் திரும்ப வரும், சிலருக்குப் புற்றாகவும் மாறும். அதனால் எடுத்த சதையை பயாப்சிக்கு அனுப்பாமல் விடக் கூடாது. (பதின்வயதுப் பையனுக்கு ஒருபக்க அடைப்பும் அடிக்கடி ரத்தமும் இருந்தால், ஸ்கேனுக்கு முன்னால் யாரையும் சதையைக் கிள்ள விடாதீர்கள். ஆஞ்சியோஃபைப்ரோமா என்று ஒரு கட்டி இருக்கிறது, கிள்ளினால் ரத்தத்தை நிறுத்துவதே பெரும்பாடு.)

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரம் மூக்கைச் சிந்தாதீங்க, குனியாதீங்க, கனம் தூக்காதீங்க, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்க, விமானம் ஏறாதீங்க என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அம்மா வைத்த நொச்சி இலை ஆவியைக்கூட வேண்டாம் என்று தள்ளி வைத்தேன்.

இதையெல்லாம் தங்கச்சியிடமும் சொன்னேன். அவள், “ஆடி பொறந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாதுங்ணா. மாமன் மடியில வெக்காம பாப்பாவுக்கு எப்படிக் காது குத்தறது?” என்றாள். நான் வந்திருக்கிறேன் என்பதற்காகவே குறித்த தேதி, ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள். முடியாது என்றுதான் சொன்னேன். அம்மா ஒரே வார்த்தைதான் பேசினாள்: “கண்ணு, அப்பன் காரியத்துக்குத்தான் வர முடியல.” 2020இல் விமானமே ஓடவில்லை, அது அம்மாவுக்கும் தெரியும். ஓடாதது எனக்குக் கொஞ்சம் வசதியாகவும் இருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சரி, உட்காருகிறேன் என்றேன்.

குலதெய்வக் கோயில், காலை வெயில், முகத்துக்கு நேராக சாம்பிராணிப் புகை. சீர்த்தட்டை நீ தூக்க வேண்டாம் என்றவர்கள் சாமி முன்னால் மட்டும் விடவில்லை. “கனடாக்காரன் நிமுந்துக்கிட்டு நிக்கறான் பாரு” என்று பெரியப்பா சொல்ல, விழுந்து கும்பிட்டேன். எழுந்தபோதே மூக்குக்குள் சூடாக ஏதோ நகர்ந்தது. இரண்டரை வயதுப் பாப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்தேன். ஆசாரி வலது காதைக் குத்தியதும் அவள் தலையை வீசி நேராக என் மூக்கில் மோதினாள். வேட்டியில் சொட்டுச் சொட்டாக ரத்தம். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு, வாயைப் பிளந்து என்னையே பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஆசாரி இடது காதையும் குத்திவிட்டார். நல்ல தொழில்காரர்.

தலையை அண்ணாந்து பிடி என்று பத்துப்பேர் கத்தினார்கள். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள்தான் போகும். முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை இறுக்கிப் பிடித்து, வாயால் மூச்சு விட வேண்டும். அப்படியே காரில் கோயமுத்தூர் போனேன். மறுபடி பஞ்சு அடைத்தார்கள், டாக்டரிடம் திட்டு வாங்கினேன், டிக்கெட் பத்து நாள் தள்ளிப்போனது.

ஆகவே போன முதல் வாரத்திலேயே வைத்தியத்தை முடியுங்கள், அதற்குப் பின் மூன்று வாரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் நல்ல காரியம் எப்போது என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள். தேதி மோதினால் ஆஸ்பத்திரியைத் தள்ளி வையுங்கள், ஏனென்றால் உங்களால் தங்கச்சியைத் தள்ளி வைக்க முடியாது.

கிளம்புவதற்கு முன் ஸ்கேன் படங்கள், பயாப்சி ரிப்போர்ட்டுடன் லேபில் இருக்கும் பாரஃபின் கட்டையையும் (எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பது) மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். பல வருடம் கேமரா போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய வியாதி, இங்கே பார்க்கிறவர்களுக்கு அதெல்லாம் தேவைப்படும். நான் அவசரத்தில் மறந்துவிட்டேன். தங்கச்சிதான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை லேபுக்கு அலைந்து, வாங்கி கூரியரில் அனுப்பினாள். எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன். இன்னும் சொல்லவில்லை.