நெட்வொர்க் படிக்க வருபவர்கள் விடாமல் செய்யும் சில தவறுகள்

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. பாதிக்கு மேல் நாங்கள் அந்த வயதில் செய்தவைதான். இன்டர்நெட் வேறு வெப் வேறு, வைஃபை சிக்னல் முழுதாக இருந்தாலே இன்டர்நெட் இருக்கிறது என்று அர்த்தமில்லை, முதலில் கேபிளைப் பார் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயமாக வருகிற வரலாற்றை, கதைதானே என்று புரட்டிவிட்டு நேராக ரூட்டர் கட்டளைகளுக்குப் போய்விடுகிறார்கள் பாருங்கள், அதனால் வரும் தவறுகளைப் பற்றித்தான் இது.

அணுகுண்டுக் கதையை நம்புவது

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான ஆர்ப்பா கட்டிய, இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் அணு ஆயுதப் போரைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டது என்று இன்னும் ஒப்பிக்கிறார்கள். தாக்குதலிலும் பிழைத்திருக்கும் தகவல் தொடர்பு பற்றி 1960-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தவர் ராண்ட் நிறுவனத்தின் பால் பாரன். அது வேறு வேலை. ஆர்ப்பாநெட்டுக்கான காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஆர்ப்பாவில் கணினி ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த பாப் டெய்லரின் பென்டகன் அறையில் மூன்று டெர்மினல்கள் இருந்தன, மூன்றும் வெவ்வேறு ஊர்களில் இருந்த மூன்று கணினிகளுக்கு. ஒவ்வொன்றுக்கும் தனி லாகின், தனிக் கட்டளைகள். ஒரே டெர்மினலில் இருந்து மூன்றையும் ஏன் பிடிக்க முடியாது என்பதுதான் அவருடைய கேள்வி. விலை உயர்ந்த கணினிகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான். 1969 அக்டோபர் 29 அன்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு ‘லாகின்’ என்று அடிக்கத் தொடங்கி, முதல் இரண்டு எழுத்து போனதும் அந்தப் பக்கத்துக் கணினி விழுந்துவிட்டது என்பது பலருக்கும் தெரிந்த கதை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அடுத்து வந்த கேள்விதான் இன்டர்நெட்டையே உருவாக்கியது. கணினிகளை இணைத்தாகிவிட்டது, ரேடியோ நெட்வொர்க், செயற்கைக்கோள் நெட்வொர்க், தரைவழி நெட்வொர்க் என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத நெட்வொர்க்குகளை எப்படி இணைப்பது? ஒவ்வொன்றிலும் வேகம் வேறு, அனுமதிக்கும் பாக்கெட்டின் (தரவைத் துண்டு போட்டு அனுப்பும் பொட்டலம்) அளவும் வேறு. 1974-ல் வின்ட் செர்ஃபும் பாப் கானும் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டது: உள்ளே எதையும் மாற்றாதே, நடுவில் இரண்டையும் இணைக்கும் கணினியாக ஒரு கேட்வே வை, பாக்கெட் பெரிதாக இருந்தால் கேட்வே அதை உடைத்து அனுப்பட்டும். இந்த ‘அளவு வேறு’ என்ற விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள், கீழே வேலைக்கு வரும்.

ஓஎஸ்ஐ-யின் ஏழு அடுக்கை வேதமாக எடுத்துக்கொள்வது

ஆர்ப்பாநெட், இன்றைய இன்டர்நெட்டும் பயன்படுத்தும் விதித்தொகுப்பான டிசிபி/ஐபி-க்கு மாறியது 1983 ஜனவரி 1 அன்று. நெட்வொர்க் வேலையை ஏழு அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரி தரநிலையாக வெளிவந்தது 1984-ல், அதாவது டிசிபி/ஐபி அந்த அடுக்குகளைப் பார்த்துக் கட்டப்பட்டதல்ல. ஆகவே இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் எந்த அடுக்கில் வரும் என்று அரை மணி நேரம் சண்டை போடாதீர்கள்.

ஐசிஎம்பி-யை அடைத்துவிடுவது

இதுதான் இன்றைக்கும் என்னைக் கடுப்பேற்றுவது. எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று தீர்மானிக்கும் ஃபயர்வால் கைக்கு வந்ததும் புதியவர் காட்டும் முதல் வீரம், நெட்வொர்க்கின் பிழைச் செய்திகளையும் பிங்கையும் சுமக்கும் ஐசிஎம்பி-யை அடைப்பதாகத்தான் இருக்கும். ஏன் என்று கேட்டால் “பிங் பண்ணி நம்மைக் கண்டுபிடித்துவிடுவார்கள் சார்” என்று பதில் வரும். (பிங் என்பது ஒரு கணினி இருக்கிறதா என்று கேட்டுப் பதில் வாங்குவது.) இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 1990-களின் பிற்பகுதியில் வரம்பு மீறிய அளவில் ஒரு பிங்கை அனுப்பிக் கணினியையே விழவைத்த ‘பிங் ஆஃப் டெத்’ இருந்தது, ஒரு நெட்வொர்க் முழுக்கப் பிங் அனுப்பி அத்தனை பதிலையும் வேறொருவர் தலையில் கொட்டவைத்த ‘ஸ்மர்ஃப்’ இருந்தது. அவற்றுக்கெல்லாம் மருந்து வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனால் அந்த விதி மட்டும் ஒரு செக்லிஸ்ட்டில் இருந்து இன்னொரு செக்லிஸ்ட்டுக்குக் காப்பி ஆகிக்கொண்டே இருக்கிறது.

பிங் என்பது ஐசிஎம்பி-யில் ஒரு மூலை. பாக்கெட்டுகளை முகவரி பார்த்து அனுப்பும் ஐபி, எதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்று வாக்குக் கொடுப்பதில்லை. சேர்க்க முடியாமல் போனால், ஏன் முடியவில்லை என்று அனுப்பியவருக்குத் திரும்பச் சொல்வதற்காக வைக்கப்பட்டதுதான் ஐசிஎம்பி. 1981-ல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 792-ஐ (ஆர்எஃப்சி என்பது இன்டர்நெட் விதிகளை எழுதிவைக்கும் ஆவணம்) ஒரு முறை படித்துப் பாருங்கள், நீளமான ஆவணமெல்லாம் இல்லை.

இப்போது அந்த அளவு விஷயத்துக்கு வருவோம். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். சில பிராட்பேண்ட் இணைப்புகளில் வரும் பிபிபிஓஇ முறையில் 8 பைட் அதற்கே போய்விடுவதால் 1492. விபிஎன் (பொது இன்டர்நெட் வழியாகவே போகும் தனி இணைப்பு) சுரங்கத்துக்குள் நுழைந்தால் இன்னும் குறையும். பாக்கெட்டை நடுவழியில் உடைப்பது ரூட்டருக்கும் சுமை, ஒரு துண்டு தொலைந்தால் எல்லாமே வீண் என்பதால் 1990-ல் வேறு ஏற்பாடு வந்தது: அனுப்புகிற கணினி ‘உடைக்காதே’ என்ற கொடியுடன் அனுப்பும், தாங்க முடியாத ரூட்டர் அதைக் கீழே போட்டுவிட்டு, “இது பெரிது, எனக்கு இவ்வளவுதான் கொள்ளும்” என்று ஒரு ஐசிஎம்பி செய்தி அனுப்பும், வகை 3, குறியீடு 4. அனுப்பியவர் அளவைக் குறைத்துக்கொள்வார். அந்தச் செய்தியை உங்கள் ஃபயர்வால் விழுங்கிவிட்டால்? அனுப்பியவருக்கு எதுவுமே தெரியாது. அதே 1500 பைட்டை மறுபடி அனுப்புவார், காத்திருப்பார், மறுபடி அனுப்புவார், இன்னும் அதிக நேரம் காத்திருப்பார்.

ஒரு அலுவலகத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். கிளைகளை விபிஎன் வழியாக இணைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் சர்வர்களுக்கும் விபிஎன் கேட்வேக்கும் நடுவில் இருந்த ஃபயர்வாலை ‘இறுக்கினார்’. தன் வசதிக்குப் பிங்கை மட்டும் அனுமதித்துவிட்டு மற்ற ஐசிஎம்பி எல்லாவற்றையும் அடைத்தார். அடைக்கலாமா என்று யோசிக்க வேண்டிய ஒன்றே ஒன்றைத் திறந்துவைத்து, தொடவே கூடாததை மூடினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்! அப்புறம் புகார்கள் வர ஆரம்பித்தன. லாகின் பக்கம் வருகிறது, பாஸ்வேர்டு ஏற்கிறது, உள்ளே போனால் திரை வெள்ளையாக நிற்கிறது. சின்ன ஃபைல் இறங்குகிறது, பெரியது இறங்கவில்லை. தொலைவில் இருந்து கட்டளை அடிக்க உதவும் எஸ்எஸ்எச்-இல் உள்ளே போய்ச் சின்ன கட்டளை அடித்தால் பதில் வருகிறது, நீளமான லாக் ஒன்றைத் திறந்தால் கர்சர் அப்படியே உறைந்து நிற்கிறது.

ஆனால் பிங் போகிறதே! அதனால் நெட்வொர்க் சரி என்று முடிவுகட்டிவிட்டு, கிளையில் சுவிட்சை மாற்றினார்கள், இணைப்பு கொடுத்த நிறுவனத்தோடு சண்டை போட்டார்கள், கடைசியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சர்வரையே அழித்துப் புதிதாக நிறுவினார்கள். எல்லாம் முடிந்து யாரோ ஒருவர் பாக்கெட் கேப்சர் (வந்துபோகும் பாக்கெட்டுகளின் பதிவு) எடுத்தபோதுதான் தெரிந்தது: சர்வரில் இருந்து ஒரே பெரிய பாக்கெட் திரும்பத் திரும்பக் கிளம்புகிறது, கேட்வே ஒவ்வொரு முறையும் ‘பெரிது’ என்று ஒழுங்காகச் சொல்கிறது, நடுவில் நம் ஆள் வைத்த விதி அதை ஒவ்வொரு முறையும் குப்பையில் போடுகிறது.

சந்தேகம் வந்தால் சோதிப்பது சுலபம். ‘உடைக்காதே’ கொடியோடு 1472 பைட் தரவு வைத்துப் பிங் செய்யுங்கள் (ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20 சேர்ந்தால் 1500). போனால் பிரச்சினை இல்லை. “உடைக்க வேண்டும்” என்று பிழை வந்தாலும் நல்லதுதான், செய்தி திரும்ப வருகிறது. சின்ன பிங்குக்குப் பதில் வந்து, இதற்கு மட்டும் ஒன்றுமே வராமல் தொங்கினால் வழியில் எங்கோ ஒருவர் விழுங்குகிறார். ஒரு டிசிபி பாக்கெட்டில் எவ்வளவு தரவு வைக்கலாம் என்று சொல்லும் எம்எஸ்எஸ் அளவைக் குறைத்து ஒப்பேற்றலாம், ஆனால் அது டிசிபி-க்கு மட்டும்தான் உதவும்.

ஐபி-யின் புதிய பதிப்பான ஐபிவி6-இல் இதே தவறைச் செய்தால் இன்னும் மோசம். அங்கே ரூட்டர்கள் பாக்கெட்டை உடைப்பதே கிடையாது, பக்கத்தில் இருக்கும் கணினியைக் கண்டுபிடிப்பதற்கே ஐசிஎம்பிவி6 தேவை. மொத்தமாக அடைத்தால் ஒன்றுமே ஓடாது. ஒரு வகையில் அது நல்லது, உடனே மாட்டிக்கொள்வீர்கள்.

நேட் இருக்கிறதே, ஃபயர்வால் எதற்கு என்பது

பல கணினிகள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்ள வைக்கும் நேட் வந்தது பாதுகாப்புக்காக அல்ல. 32 பிட் முகவரியில் கிடைப்பது சுமார் 430 கோடி. அது போதாது என்று 1990-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டதால் தற்காலிக ஏற்பாடாக 1994-ல் முன்வைத்தார்கள். தற்காலிகம் நிரந்தரமாகிவிட்டது. வெளியில் இருந்து உள்ளே எளிதாக வர முடியாது என்பது அதன் பக்கவிளைவு. இதை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள், ஐபிவி6-ஐ இயக்கும் நாளில் எல்லாக் கணினிக்கும் நேரடி முகவரி கிடைத்துவிட்டதைக் கவனிப்பதே இல்லை. தடுப்பு விதிகளைத் தனியாக எழுதுங்கள், பழைய ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும்.

ஏ, பி, சி வகுப்புகள்

ஐபி முகவரிகளை மூன்று நிலையான அளவுகளில் பிரித்துக் கொடுத்த இந்த முறைக்குப் பதிலாக, தேவையான அளவில் பிரிக்கும் சிஐடிஆர் 1993-லேயே வந்துவிட்டது. விடுங்கள்.

டிஎன்எஸ்-ஐ மாற்றிவிட்டு உடனே எதிர்பார்ப்பது

ஒரு காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே ஃபைலில் இருந்தது, ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் அதைப் பராமரித்தது, மற்றவர்கள் இறக்கிக்கொண்டார்கள். தாங்கவில்லை என்பதால் 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ், பெயரைச் சொன்னால் முகவரியைத் தரும் டிஎன்எஸ்-ஐ வடிவமைத்தார். பொறுப்பு பரவியது, பதில்கள் வழியெங்கும் கேஷ் ஆகின, அதாவது சேமித்துவைக்கப்பட்டன. ஆகவே அந்தச் சேமிப்பு எத்தனை வினாடி செல்லும் என்று சொல்லும் டிடிஎல் 86400 என்று இருந்தால், பழைய பதில் ஒரு நாள் முழுக்க உலவும். மாற்றுவதற்கு முந்தைய நாளே 300-ஆகக் குறைத்துவிடுங்கள். மாற்றிய பிறகு குறைத்துப் பிரயோஜனமில்லை.

தொலைவில் இருக்கும் ரூட்டரில் கை வைப்பது

உள்ளே போன வழியையே அடைத்துக்கொள்வீர்கள், எல்லோரும் செய்வதுதான். 10 நிமிடத்தில் தானாக ரீலோடு (மறுதொடக்கம்) ஆகும்படி முதலில் சொல்லிவிட்டு, மாற்றத்தைச் சேமிக்காமல் செய்து பாருங்கள். தொடர்பு போனால் அது பழைய நிலைக்கே எழுந்து வரும். சரியாக வந்துவிட்டால் ரீலோடை ரத்து செய்துவிட்டுச் சேமியுங்கள். ரத்து செய்ய மறந்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களுக்கு என்னிடம் யோசனை இல்லை.