பெருக்கல் விதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு சார்புகளின் பெருக்கற்பலனை வகையிடச் சொன்னால், ஒவ்வொன்றையும் தனித்தனியே வகையிட்டு, கிடைத்தவற்றைப் பெருக்கிவிடுவதுதான் மாணவர்கள் செய்யும் முதல் தவறு. கூட்டலுக்கு இவ்வழி சரியாக அமைவதால், பெருக்கலுக்கும் பொருந்தும் என்று மனம் எளிதில் நம்பிவிடுகிறது. நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்சே 1675 நவம்பரில் எழுதிய குறிப்புகளில் இப்படி இருக்கலாமோ என்று எண்ணிப் பார்த்து, இல்லை எனக் கண்ட பிறகுதான் சரியான விதியை வந்தடைந்தார். முதல் சார்பின் வகைக்கெழுவை இரண்டாம் சார்பால் பெருக்கி, அதனுடன் முதல் சார்பை இரண்டாம் சார்பின் வகைக்கெழுவால் பெருக்கியதைக் கூட்ட வேண்டும் என்பதே அவ்விதி.

எக்ஸ் வர்க்கத்தையும் எக்ஸ் கனத்தையும் பெருக்கினால் எக்ஸின் ஐந்தாம் அடுக்கு கிடைக்கும்; அதன் வகைக்கெழு, எக்ஸின் நான்காம் அடுக்கின் 5 மடங்கு. தனித்தனியே வகையிட்டுப் பெருக்கினாலோ 2 எக்ஸும் 3 எக்ஸ் வர்க்கமும் சேர்ந்து 6 எக்ஸ் கனம் ஆகிவிடுகிறது. அடுக்கே ஒன்று குறைந்து போகிறது. காரணத்தைப் படமாகவே காணலாம். நீளமும் அகலமும் ஒருசேர வளரும் செவ்வகத்தில், நீளம் கூடுவதால் ஒரு பட்டையும் அகலம் கூடுவதால் மற்றொரு பட்டையும் சேர்கின்றன. மூலையில் சேரும் துண்டு இரு சிறு மாற்றங்களின் பெருக்கம் என்பதால் எல்லை காணும்போது மறைந்துவிடுகிறது. தவறான முறை பட்டைகள் இரண்டையும் விட்டுவிட்டு, மறைய வேண்டிய அந்த மூலையைப் பிடித்துக்கொள்கிறது.

விதியைச் சரியாகச் சொல்பவர்களும் அடைப்புக்குறியில் சறுக்குவதுண்டு. எக்ஸ் வர்க்கம் + 1 என்ற கோவையை 3 எக்ஸ் − 5 என்ற கோவையால் பெருக்கி வகையிடும்போது, முதல் உறுப்பில் 2 எக்ஸ் என்பது 3 எக்ஸ் − 5 முழுவதையும் பெருக்க வேண்டும். அடைப்பை விட்டால் 6 எக்ஸ் வர்க்கம் − 10 எக்ஸ் வரவேண்டிய இடத்தில் 6 எக்ஸ் வர்க்கம் − 5 வந்து நிற்கும். சரியான விடை 9 எக்ஸ் வர்க்கம் − 10 எக்ஸ் + 3. உண்மையில் இத்தகைய பல்லுறுப்புக் கோவைகளுக்கு இவ்விதியே தேவையில்லை; முதலில் பெருக்கி விரித்துவிட்டு வகையிடுவதே எளிது. விதியைப் பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால், விரித்துப் பெற்ற விடையைச் சரிபார்ப்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.

சைனுக்குள் எக்ஸ் வர்க்கம் இருப்பது பெருக்கல் அன்று, ஒரு சார்புக்குள் மற்றொரு சார்பு. அங்கே, வெளிச் சார்பை வகையிட்டு உள்ளிருக்கும் சார்பின் வகைக்கெழுவால் பெருக்கும் சங்கிலி விதியே செல்லும். இரண்டு விதிகளும் ஒன்றாகத் தேவைப்படும் கணக்குகளில்தான் கவனம் மிகுதியாகச் சிதறுகிறது. எக்ஸ் வர்க்கத்தைச் சைன் 3 எக்ஸால் பெருக்கி வகையிடும்போது, இரண்டாம் உறுப்பு எக்ஸ் வர்க்கம் பெருக்கல் கொசைன் 3 எக்ஸ் என்று முடிந்துவிடுவதில்லை. உள்ளிருக்கும் 3 எக்ஸின் வகைக்கெழுவான 3 அதன் முன்னே வந்தாக வேண்டும்.

மூன்று சார்புகள் பெருக்கலில் இருந்தால் உறுப்புகளும் மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சார்புதான் வகையிடப்பட்டிருக்கும். இரு சார்புகளின் பெருக்கற்பலனுக்கு இரண்டாம் வகைக்கெழு காணும்போதோ, அவற்றின் முதல் வகைக்கெழுக்களைப் பெருக்கிய நடு உறுப்பு இருமுறை தோன்றும் என்பதால் அதன் குணகம் 2. அதை 1 என எழுதிவிடுபவர்களும், அந்த உறுப்பையே மறந்துவிடுபவர்களும் உண்டு.