கியர் வழுக்கும் வேனில் நுவரெலியாவுக்கா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மேடு கிடையாது. சித்தப்பா வீட்டு ஓட்டோ கியர் வேன் கோயிலுக்கும் சந்தைக்கும் கல்யாண வீட்டுக்கும் வருடக்கணக்கில் கரைச்சல் இல்லாமல் ஓடுவதற்கு அதுதான் காரணம். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து, அந்த வேனை நம்பிக் கண்டிக்கு மேலே ஏற நினைப்பவர்களுக்கு இது. என்ன உடுப்பு, என்ன மருந்து என்பதை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

"எங்கட வேன் நிக்கேக்க ஏன் ஹயருக்குக் காசைக் கொட்டுறியள்? கியர் கொஞ்சம் வழுக்கும், ஒண்டும் செய்யாது. ஆறுதலாப் போனால் சரி."

சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் ஓடும் றோட்டில் அது ஒன்றும் செய்யாதுதான். ஆனால் வேனோடு கோரிக்கைகளும் வரும். மாமியையும் ஏற்ற வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சீதா எலிய கோயில் பார்த்ததில்லை, திரும்பும்போது லீக்ஸும் கரட்டும் இரண்டு மூட்டை. ஊரை விட்டுப் போனவர்களுக்கு இந்த இடத்தில் மறுக்க வாய் வராது. இத்தனை காலம் தலைகாட்டாமல் இருந்துவிட்டு வந்து வேனைக் குறை சொல்வதா என்று நாக்கு மடங்கும். மடங்கட்டும், ஆனால் வேனைச் சோதித்துவிட்டு மடங்கட்டும்.

சோதனையை ஊரிலேயே செய்யலாம். பிரேக்கை மிதித்தபடி பார்க்கிலிருந்து (P) ஓடும் கியரான டிக்கு (D) மாற்றுங்கள். ஒன்றிரண்டு செக்கனுக்குள் வண்டி கியரைப் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் யோசித்தால் கியர்பொக்ஸுக்குள் ஒயில் அழுத்தம் போதவில்லை என்று சந்தேகப்படலாம். பிறகு ஆறேழு பேரை ஏற்றிக்கொண்டு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது அக்சிலேற்றரை அழுத்துங்கள். கியர் இறங்கும்போது ஆர்பிஎம் முள் ஒருமுறை ஏறுவது இயல்பு, கூடவே வேகமும் ஏற வேண்டும். எஞ்சின் மட்டும் கத்தி, வண்டி பின்தங்கினால் அதுதான் வழுக்கல்.

கியர் ஒயில் குச்சியைப் பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி வேறு. டொயோட்டா வேன்களில் எஞ்சின் சூடாகி, சமதரையில் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். ஹொண்டாவில் எஞ்சினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள். பெல்ட்டில் ஓடும் ஓட்டோ கியரான சிவிடி (CVT) உள்ள புதிய வண்டிகள் பலவற்றில் குச்சியே இல்லை. வெள்ளைத் துணியில் துடைத்தால் ஒயில் தெளிவாக இருக்க வேண்டும். கறுத்து, எரிந்த மணம் வந்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் கருகிவிட்டன. "ஒயிலை மாத்தினால் சரி" என்று கராஜ் பாஸ் சொல்லுவார். அடி போல்ட்டைக் கழற்றினால் பெரும்பாலும் 3, 4 லீற்றர்தான் வடியும், மீதி, எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் கன்வேர்ட்டருக்குள்ளேயே நிற்கும். தேய்ந்த தகடு புது ஒயிலால் வளராது. சிவிடிக்குச் சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் இருந்ததும் போய்விடும்.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 1,400 மீற்றர் ஏற்றம். புசல்லாவ, இறம்பொடை வளைவுகளில் வேகம் குறைவு, பாரம் அதிகம், ஒயிலைக் குளிர்விக்கக் காற்றும் போதாது. சூடான ஒயில் மெலியும், அழுத்தம் விழும், தகடு இன்னும் வழுக்கும், வழுக்கலால் இன்னும் சூடாகும். ஒயில் 120 பாகையைத் தாண்டினால் வேகமாகக் கெடும். மட்டம் குறைவாக இருந்தால், செங்குத்தான வளைவில் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும். சமதரையில் ஒழுங்காக நின்ற வண்டி கொண்டை ஊசி வளைவில் திடீரெனக் கைவிடுவது இதனாலும்தான்.

ஏறும்போது வழுக்கினால் மேலும் மிதிக்காதீர்கள். மலைப் பக்கம் ஒதுங்கி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சில்லுகளுக்குக் கல் வையுங்கள். பார்க் கியரை மட்டும் நம்ப வேண்டாம். ஒயில் ஒழுகாவிட்டால் எஞ்சினை பார்க்கில் ஓடவிடலாம், குளிர்விப்பானுக்குள் ஒயில் சுற்றும். ஆறியபின் வண்டி பிடிப்பதுபோல் தெரியும். அதை நம்பி ஏற்றத்தைத் தொடராதீர்கள்.

இறக்கம்தான் ஆளைக் கொல்வது. தாழ்ந்த கியரான எல்லில் (L) போட்டு அக்சிலேற்றரிலிருந்து பாதத்தை எடுத்தால் எஞ்சின் வண்டியைப் பிடிக்க வேண்டும். கியர் வழுக்கினால் அந்தப் பிடி இல்லை, முழுப் பாரமும் பிரேக்கில். டொட் 3 பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை 205 பாகை, ஈரம் உறிஞ்சிப் பழசானால் 140. கொதித்தால் பெடல் தரைக்குப் போகும். 2025 மே மாதம் கரண்டியெல்லவில் பேருந்து விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இந்த வீதியில்தான். அது வேறு வாகனம், வேறு கதை, பள்ளம் மட்டும் அதேதான். எனவே நுவரெலியாவை விட்டு இறங்குமுன் சிறிய சரிவொன்றில், 30 கிலோமீற்றர் வேகத்தில் எல்லுக்கு மாற்றிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் உயர்ந்து வண்டி அடங்காவிட்டால் இறங்க வேண்டாம். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போவதை நினைக்கவே வேண்டாம். பாதி வழியில் பிரேக் போனால் ஹேண்ட்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைப் பக்க வடிகானில் சில்லை இறக்கிவிடுங்கள். வேன் நெளியும், நெளியட்டும். காயமென்றால் 1990, பொலிசுக்கு 119.

கட்டி இழுப்பவர்கள் கயிற்றோடு உடனே வந்துவிடுவார்கள். ஓட்டோ கியர் வண்டியில் எஞ்சின் சுழற்றும் சில்லுகள் தரையில் உருளக் கூடாது. அவற்றைத் தூக்கி இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் கெரியர் லொறியில் ஏற்ற வேண்டும்.

சித்தப்பாவிடம் எப்படி மறுப்பது? வெளிநாட்டு உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு இலங்கையில் ஓட்ட முடியாது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் கைவிரிப்பார். இதைச் சொல்லுங்கள். உண்மையும்கூட, வேனைக் குறை சொன்னதாகவும் ஆகாது. "அப்ப நான் ஓடுறன்" என்று அவர் சாவியை எடுத்தால், ஹயர் வேனுக்கு முற்பணம் கட்டியாகிவிட்டது என்று சொல்லுங்கள். மெய்யாகவே கட்டிவிட்டுச் சொல்லுங்கள். மாமிக்கும் அதில் ஒரு சீற் வையுங்கள்.