மிளகாய்ச் செடிக்கு முன்கூட்டியே காவல்: சூடோமோனாஸ் கொடுக்கும் முறை

செடி வாடினால் தண்ணீர் ஊற்றுகிறோம், இலையில் புள்ளி கண்டால் கையில் கிடைத்த பூஞ்சணக்கொல்லியை அடிக்கிறோம். வந்திருப்பது பாக்டீரியா என்றால் அந்த மருந்து பெரும்பாலும் வீண், ஓடுகிற தண்ணீரோ நோயைப் பக்கத்துச் செடிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

முதலில் எந்த நோய் என்று பாருங்கள். இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரெனத் தொங்கிவிட்டதா? தண்டை அடிப்பக்கம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை மட்டும் நனையும்படி ஆடாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போல வெள்ளை இழை கீழே இறங்கினால் அது ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா தரும் வாடல் நோய். அந்தச் செடி இனிப் பிழைக்காது, வேர் மண்ணோடு அப்புறப்படுத்துங்கள், குப்பைக்குழியில் மட்டும் போடாதீர்கள். இலையில் நீர் கோத்த சின்னப் புள்ளிகள் வந்து பழுப்பாகி, இலை மஞ்சளித்து உதிர்ந்து, காயில் சொறி போலத் தடித்திருந்தால் அது சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா தரும் இலைப்புள்ளி நோய். இது விதையோடும் வரும்.

சரி, சூடோமோனாஸ் போன்ற நல்ல பாக்டீரியா என்ன செய்யும்? வந்த நோயை அது ஆற்றாது. துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலைதான் அதற்கு: வேரில் முதலில் குடியேறி, இரும்புச் சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, செடியின் எதிர்ப்பையும் கொஞ்சம் தூண்டிவிடும். அதனால் விதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

விதையை 51–52 டிகிரி வெந்நீரில் 30 நிமிடம் வைத்து (வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், விதை வெந்துவிடும்) உடனே குளிர்ந்த நீரில் போட்டு நிழலில் உலர்த்துங்கள். அப்புறம் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் ஃபுளூரசன்ஸ் தூள் கலந்து விதையுங்கள். நடும்போது லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் கரைத்த நீரில் நாற்றின் வேரை அரைமணி நேரம் நனைக்கலாம். நிலத்துக்கு, எக்டேருக்கு 2.5 கிலோவை நன்கு மக்கிய 50 கிலோ தொழுவுரத்தில் கலந்து ஈரமண்ணில் தூவுங்கள். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு நல்ல பாக்டீரியாவும் நல்லதுதான், கடினமான உறைக்குள் உறங்கும் வித்தாக (ஸ்போர்) இருப்பதால் பாக்கெட்டில் கூடுதல் நாள் தாங்கும்.

இலைக்கு சூடோமோனாஸ் கரைசலை 10–15 நாளுக்கு ஒருமுறை மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் பாதி அங்கேயே செத்துவிடும். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸான ஃபேஜ் மருந்துக்கும் இதே பலவீனம் உண்டு. 2005இல் அமெரிக்காவில் தக்காளி, மிளகாய் இலைப்புள்ளிக்கு ஒன்று பதிவானது, ஆனால் உங்கள் வயலில் உள்ள நோய் பாக்டீரியாவின் ரகத்துக்குப் பொருந்தினால்தான் அது வேலை செய்யும்.

இலை ஈரமாக இருக்கும்போது செடிக்குள் புகுந்து நடக்காதீர்கள், மேலிருந்து தண்ணீர் தெளிக்காதீர்கள்.

நான் செய்த தப்பு ஒன்று: முந்தின நாள் தாமிர மருந்து அடித்த தெளிப்பானை அலசாமல் அதிலேயே சூடோமோனாஸைக் கரைத்துவிட்டேன். தாமிரம் நல்லது கெட்டது பார்க்காது. இப்போது அதற்கென்று தனித் தெளிப்பான் வைத்திருக்கிறேன், இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரமாவது விடுகிறேன், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்த பிறகே கரைக்கிறேன்.