பாங்காக்கில் தாய்லாந்து உணவகத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: இடம் பிடிப்பது முதல் பில் கட்டுவது வரை

பாங்காக் போய்வந்தவர்கள் பலர் தாய்லாந்துச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும் குறை ஒன்று உண்டு: “எல்லாமே தித்திப்பு.” என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், ஆளுக்கு ஒரு பட் தாய், அதாவது அரிசி நூடுல்ஸ் வதக்கல், வாங்கியிருப்பார்கள். பட் தாயில் புளியோடு பனைவெல்லமும் சேர்வதால் அது இனிக்கத்தான் செய்யும். அதை மட்டும் சாப்பிட்டுவிட்டு ஒரு நாட்டின் சமையலை எடை போட முடியாது.

தாய்லாந்துக் குடும்பம் ஒன்று உணவகத்தில் உட்கார்ந்தால் நடுவில் நாலைந்து பதார்த்தம், ஆளுக்கு ஒரு தட்டுச் சோறு என்றுதான் வாங்கும். ஒன்று புளிக்கும், ஒன்று உறைக்கும், இன்னொன்றில் தேங்காய்ப்பால் கனமாக இருக்கும், அதைத் தணிக்கப் பக்கத்தில் ஒரு கீரை. சுவை ஒரு தட்டுக்குள் முடிவதில்லை, மேசை முழுக்கப் பரவி இருக்கிறது. இதை மனத்தில் வைத்து ஆர்டர் செய்தாலே போதும், பாதி வேலை முடிந்தது. மீதியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: இடமும் நேரமும்

நான் சொல்வது தெருக்கடையும் அல்ல, நட்சத்திர ஓட்டலும் அல்ல. ஏசி இருக்கும், படத்தோடு மெனு இருக்கும், அரைக்கால் சட்டையோடு போனாலும் யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். சியாம் பகுதியின் மால்களிலும், ஆரி, தொங் லோ ரயில் நிலையங்களை ஒட்டிய சந்துகளிலும் இப்படிப்பட்ட இடங்கள் நிறைய. ஒரு பதார்த்தம் பெரும்பாலும் 150 முதல் 350 பாட் வரை இருக்கும். வாசலில் மிஷலின் உணவக வழிகாட்டியின் ‘பிப் கூர்மாண்ட்’ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், நியாயமான விலைக்கு நல்ல சாப்பாடு என்று அந்த வழிகாட்டி தேர்ந்த இடம் அது.

பகல் 12 முதல் 1 வரை அலுவலகக் கூட்டம் அலைமோதும். 11.30-க்கோ 1.30-க்கோ போங்கள். மால் கடைகள் பெரும்பாலும் இரவு 10 மணிக்கு மூடிவிடும், அடுப்பு அதற்கு முன்பே அணைந்துவிடும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எட்டு மணிக்குள் உட்கார்ந்துவிடுவது நல்லது.

படி 2: உட்கார்ந்ததும்

வாசலில் நின்று எத்தனை பேர் என்று விரலால் காட்டுங்கள், இடம் காட்டுவார்கள். மேசையில் க்யூஆர் கோடு இருந்தால் மெனு போனில் திறக்கும். அச்சிட்ட மெனுவும் கேட்டால் கொடுப்பார்கள். கேட்டு வாங்குங்கள், நாலு பேர் சேர்ந்து தேர்ந்தெடுக்க அதுதான் வசதி. தண்ணீர் பெரும்பாலும் பாட்டிலில் வரும், அதற்குக் காசு உண்டு.

பணியாளரைக் கூப்பிடக் கையை லேசாக உயர்த்தினால் போதும். பேசும்போது வாக்கியத்தின் கடைசியில் ஆண்கள் ‘க்ரப்’ என்றும் பெண்கள் ‘கா’ என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது மரியாதை. வேறு ஒன்றும் தெரியாவிட்டாலும் இதற்கே முகம் மலர்ந்துவிடும்.

படி 3: சாப்பிடாததை முதலிலேயே சொல்லுங்கள்

இதைக் கடைசிக்கு விடாதீர்கள். ‘மாய் கின்’ என்றால் சாப்பிட மாட்டேன், ‘மாய் சாய்’ என்றால் போட வேண்டாம். மாடு ‘நுவா’, பன்றி ‘மூ’. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ‘மாய் கின் நுவா’ என்றால் போதும். பன்றிக் கொத்துக்கறி நாம் எதிர்பார்க்காத இடத்திலெல்லாம் வரும், பொரித்த ஆம்லெட்டுக்குள்கூட. சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் கேளுங்கள்.

சைவர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். குழம்பில் கோழிக்குப் பதில் டோஃபு போடச் சொன்னால் அது சைவமாகிவிடாது. குழம்புக்கு அரைக்கும் விழுதிலேயே ‘கபி’ எனும் இறால் விழுது பெரும்பாலும் இருக்கும். உப்புக்குப் பதில் ‘நாம் ப்லா’ என்ற மீன் சாறு, வதக்கலில் சிப்பிச் சாஸ். விழுது முன்கூட்டியே அரைத்தது என்பதால், சொன்னாலும் அதை எடுக்க முடியாது. அதனால் அந்தந்த நேரத்தில் செய்யும் பதார்த்தங்களையே கேளுங்கள்: வள்ளல்கீரை வதக்கல், டோஃபு போட்ட பட் தாய், காய்கறி வதக்கல். மீன் சாறும் சிப்பிச் சாஸும் வேண்டாம், சோயா சாஸ் போதும் என்று சொல்லிவிடுங்கள். முழுச் சுத்தமாக வேண்டும் என்றால், மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று போட்ட கடைகளுக்குப் போவதே மேல். அங்கே முட்டை, பால், ஏன் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள்.

வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். சோம் தம் எனும் பச்சைப் பப்பாளிச் சாலட், பட் தாய், மஸ்ஸமன் குழம்பு மூன்றிலும் கடலை வரும்.

படி 4: மேசையை நிரப்புவது

சரி, முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். நாலு பேர் என்றால் நாலைந்து பதார்த்தம் போதும். ஒரே வகையில் இரண்டு வராமல் பாருங்கள்: ஒரு சூப், ஒரு குழம்பு, ஒரு சாலட், ஒரு வதக்கல், காரமில்லாமல் பொரித்தது ஒன்று. எல்லோருக்கும் மல்லிகை அரிசிச் சோறு.

சூப்பில் தொம் யம் குங். 2024-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த இறால் சூப் இது. தெளிவானது ‘நாம் சாய்’, பால் சேர்த்துக் கெட்டியாக்கியது ‘நாம் கோன்’ என்று இரண்டு விதம். முதல்முறைக்கு நான் தெளிவானதைத்தான் சொல்வேன். எலுமிச்சையின் புளிப்பும் எலுமிச்சைப் புல்லின் மணமும் பால் மறைக்காமல் நேராக வரும். அதில் மிதக்கும் எலுமிச்சைப் புல் தண்டு, அரத்தைத் துண்டு, தடித்த எலுமிச்சை இலை எல்லாம் வாசனைக்குப் போட்டவை. ரசத்தில் கறிவேப்பிலையை ஒதுக்குவது போல ஒதுக்கிவிடுங்கள்.

குழம்பில் இரண்டு நல்லவை. பச்சைக் குழம்பு, அதாவது ‘கேங் கியோவ் வான்’, பச்சை மிளகாய் விழுதும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது. கிண்ணத்தைக் கிளறிப் பாருங்கள், சின்னச் சின்னப் பச்சை உருண்டைகள் கொத்தாக வரும். அது நம் சுண்டைக்காயேதான், அங்கே பச்சையாகவே குழம்பில் விழுகிறது. மேலே தூவிய இலை நம் திருநீற்றுப் பச்சிலையின் இனம். மற்றது மஸ்ஸமன்: பட்டை, ஏலம், கிராம்பு, உருளைக்கிழங்கு, கடலை. முஸ்லிம் சமையல் வழியாக அங்கே வேரூன்றிய குழம்பு. காரம் குறைவு, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஏற்றது. இரண்டிலும் தேங்காய்ப்பால் கனம் என்பதால் ஒன்று மட்டும் வாங்குங்கள்.

சாலட் என்றால் சோம் தம். சமையல் மேடை கண்ணில் படும் இடமாக இருந்தால் எழுந்து போய் அது இடிபடுவதைப் பாருங்கள். ஆழமான மண் உரல், மர உலக்கை. முதலில் பூண்டும் மிளகாயும் நசுங்கும். அப்புறம் பனைவெல்லம், ஒடித்த காராமணி, தக்காளி, உலர்ந்த இறால், கடலை, எலுமிச்சைச் சாறு, மீன் சாறு. கடைசியில் சீவிய பச்சைப் பப்பாளி. ஒரு கை இடிக்க, இன்னொரு கை கரண்டியால் புரட்டிக்கொண்டே இருக்கும். காய் கூழாகாமல் சாறு மட்டும் ஏறுவது அந்தப் புரட்டலில்தான் இருக்கிறது. பெயரில் ‘தாய்’ என்று முடிவதை வாங்குங்கள். ‘ப்லா ரா’ என்று வந்தால் அது புளிக்க வைத்த மீன் சேர்ந்தது, இசான் எனும் வடகிழக்கு மக்களின் உயிர். அந்த வாடை பழகுவதற்குக் கொஞ்சம் காலம் வேண்டும். அப்புறம் ஒன்று, நண்டும் மீனும் இடித்த அதே உரலில்தான் அடுத்த ஆர்டரும் இடிபடும். சைவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

வதக்கலில் வள்ளல்கீரை. பெருந்தீயில் பூண்டு, மிளகாய், சோயா விழுதோடு ஒரு நிமிடத்தில் புரட்டி இறக்கியது, தண்டு கடிபட வேண்டும். பொரித்ததில் ‘காய் ஜியாவ்’ ஆம்லெட், ஓரம் மொறுமொறுவென்று உப்பி வரும். காரம் ஏறும்போதெல்லாம் கை அதைத்தான் தேடும். சாதாரணப் பதார்த்தம் என்று விட்டுவிடாதீர்கள், மேசைக்கு நடுவில் சமாதானம் செய்துவைப்பது அதுதான்.

தனியாகப் போயிருந்தால் கணக்கே வேறு. அப்போது ஒரே தட்டில் முடியும் சாப்பாட்டை வாங்குங்கள். என் தேர்வு பட் கப்ராவ்: கொத்துக்கறியோ கோழியோ மிளகாய், பூண்டு, துளசியோடு வதங்கி, சோற்றின் மேல் ஒரு பொரித்த முட்டையோடு வரும். ஆமாம், நாம் மாடத்தில் வளர்க்கும் துளசி இனமேதான். பட் தாயும் தனிச் சாப்பாடுதான், அதற்குச் சோறு வாங்க வேண்டாம். எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிந்து, மிளகாய்த்தூளைத் தூவிச் சாப்பிட்டால் இனிப்பு தலைதூக்காது.

படி 5: காரத்தைப் பேசி முடியுங்கள்

‘நாங்கள் ஆந்திரா மிளகாயே சாப்பிடுகிறவர்கள்’ என்று யாரும் மார் தட்ட வேண்டாம். நம் காரம் எண்ணெயில் வெந்து, புளியில் கொதித்து அடங்கியது. சோம் தம்மில் விழும் சின்ன மிளகாய் பச்சையாக நசுங்கி நேரே நாக்கில் ஏறும். ‘பெட் நிட் நோய்’ என்றால் கொஞ்சம் காரம், ‘மாய் பெட்’ என்றால் காரமே வேண்டாம். சோம் தம்முக்கு எத்தனை மிளகாய் என்று விரலால் காட்டலாம். இரண்டில் தொடங்குங்கள். எரிந்தால் தண்ணீர் உதவாது. வெறும் சோறு இரண்டு வாய், கூடவே தட்டில் வரும் பச்சை முட்டைக்கோஸ், வெள்ளரி.

காரம் போதாதவர்களுக்கு மேசையிலேயே வழி உண்டு. மீன் சாற்றில் ஊறிய மிளகாய் ஒரு கிண்ணத்தில் கேட்டால் வரும். நூடுல்ஸ் வாங்கினால் சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் போட்ட வினிகர், மீன் சாறு என்று நாலு கிண்ணமும் கிடைக்கும். ருசி பார்த்துவிட்டுத் தன் நாக்குக்கு ஏற்பக் கலந்துகொள்வது அங்கே வழக்கம். சமைத்தவர் தவறாக நினைக்க மாட்டார்.

படி 6: சாப்பிடும் விதம்

வலது கையில் கரண்டி, இடது கையில் முள்கரண்டி. முள்கரண்டி சோற்றைத் தள்ளுவதற்கு மட்டும், வாய்க்குப் போவது கரண்டிதான். கத்தி வராது, எல்லாம் நறுக்கியே வரும். குச்சிகள் நூடுல்ஸுக்கு மட்டும். முன்பு அங்கேயும் கையால்தான் சாப்பிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் அரண்மனை வழியாகக் கரண்டி பழக்கத்துக்கு வந்தது. பசை அரிசிச் சோற்றுக்கு இன்றும் கைதான். மூங்கில் கூடையில் சூடாக வரும் அதைச் சிறு உருண்டையாகப் பிடித்து, சோம் தம் சாற்றில் தொட்டு, சுட்ட கோழியோடு சாப்பிட வேண்டும். இந்த மூன்றும் சேரும் சேர்த்தியை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.

பதார்த்தங்கள் வரிசையாக வராது, எது ஆகிறதோ அது வரும். சூப் கடைசியில் வந்தாலும் தவறில்லை. பொதுக்கரண்டியால் ஒரு நேரத்தில் ஒரு பதார்த்தத்தை, இரண்டு கரண்டி அளவே சோற்றின் மேல் எடுங்கள். அதைச் சாப்பிட்டு முடித்த பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் முதலிலேயே தட்டில் குவித்தால் ஒன்றோடொன்று கலந்து, தனித்தனி ருசி போய்விடும்.

படி 7: இனிப்பும் பானமும்

மாம்பழத்தோடு பசை அரிசி, மேலே உப்புக் கலந்த தேங்காய்ப்பால்: ஏப்ரல், மே மாதங்களில் போனால் இதை விடாதீர்கள், பழம் உச்சத்தில் இருக்கும் பருவம் அது. குடிப்பதற்குச் சங்குப்பூ சர்பத் கேளுங்கள். நீலமாக வரும், எலுமிச்சை ஊற்றினால் கண் முன்னே ஊதாவாக மாறும். புளிப்பு பட்டால் நிறம் மாறும் சாயம் அந்தப் பூவில் இருக்கிறது. குழந்தைகளையே ஊற்றச் சொல்லுங்கள்.

படி 8: பில்

பில் கேட்க ‘செக் பின் க்ரப்’ அல்லது ‘செக் பின் கா’ என்று சொல்லுங்கள். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி (++) இருந்தால், 10% சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 7% வரியும் சேரும். 1,200 பாட்டுக்குச் சாப்பிட்டால் சேவை 120, ஆக 1,320. அதில் வரி 92.40, கட்ட வேண்டியது 1,412.40 பாட். சேவைக் கட்டணம் இருக்கும் இடத்தில் டிப்ஸ் கட்டாயம் இல்லை, மீதிச் சில்லறையை விட்டுவருவது வழக்கம்.

மால் கடைகளில் கார்டு செல்லும். சின்னக் கடைகளில் போன் வழியாகப் பணம் கட்டும் தாய்லாந்து முறையான ‘ப்ராம்ப்ட்பே’யின் க்யூஆர் ஒட்டியிருக்கும். சிங்கப்பூர், மலேசியா வங்கிச் செயலிகள் சிலவற்றில் அது வேலை செய்யும். மற்றவர்கள் கையில் ரொக்கம் வைத்திருங்கள். பதார்த்தம் மிஞ்சினால் கூச்சப்படாமல் கட்டித் தரச் சொல்லுங்கள். குழம்பையும் சூப்பையும்கூடச் சிந்தாமல் கட்டித் தருவார்கள், ஆனால் சோம் தம்மை மட்டும் அங்கேயே முடித்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் பப்பாளி நீர் விட்டுத் துவண்டுவிடும்.